எஸ்இஓவா, கன்டென்ட்டா: ஒரு கோவை பம்ப் செட் நிறுவனத்தின் கணக்கு

கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி, சின்னவேடம்பட்டி பக்கம் பம்ப் செட் செய்யும் சிறு நிறுவனங்கள் நிறைய. பொருள் தரமாக இருக்கும், டீலர்கள் மதிப்பார்கள். ஆனால் கூகுளில் தேடினால் பெயரே வராது. முன்பு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. விவசாயி எலக்ட்ரீஷியனைக் கேட்பார், எலக்ட்ரீஷியன் கடையைக் காட்டுவார், கடைக்காரர் பிராண்டைச் சொல்வார். இப்போது கடைக்குப் போகும் முன்பே செல்பேசியில் ஒரு தேடல் முடிந்துவிடுகிறது. அந்தத் தேடலில் இல்லாத நிறுவனத்தின் பெயரைக் கடைக்காரர் சொன்னாலும், "இது எந்த கம்பெனி?" என்ற சந்தேகம் வருகிறது.

இந்த நிலையில் உரிமையாளரைத் தேடி இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் எஸ்இஓவை, அதாவது தேடல் முடிவுகளில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலையை, பேக்கேஜாக விற்கிறார். இன்னொருவர் தளத்துக்குக் கன்டென்ட், அதாவது மாதம் இத்தனை கட்டுரை, எழுதித் தருகிறேன் என்கிறார். இருவருக்கும் கொடுக்கும் அளவுக்குக் காசு இல்லை. எதை எடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்இஓவில் சிறு நிறுவனத்துக்குத் தேவையான பகுதி ஒருமுறை ஒழுங்காகச் செய்து, பிறகு அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதுமான வேலை. அதற்கு மாதச் சந்தா தேவையில்லை. தொடர்ந்து போட வேண்டிய காசும் நேரமும் கன்டென்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதுவும் வெளியாள் மேசையில் உட்கார்ந்து எழுதும் கன்டென்ட் அல்ல, சர்வீஸ் பிரிவிலிருந்து வரும் கன்டென்ட்.

எஸ்இஓ பக்கம் முதலில். தளம் செல்பேசியில் சரியாகத் திறக்க வேண்டும். கூகுள் இப்போது தளங்களின் செல்பேசி வடிவத்தைப் பார்த்துத்தான் அட்டவணைப்படுத்துகிறது. 2016-இல் அறிவித்த இந்த மாற்றம் 2023 அக்டோபரில் முழுமையடைந்தது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். தொழிற்கூடத்தின் பெரிய பெரிய புகைப்படங்களை அப்படியே ஏற்றிய தளங்கள் இதில் தோற்றுவிடும். படங்களைச் சுருக்குவது ஒரு நாள் வேலை. கூகுளில் நிறுவன விவரத்தைக் காட்டும் பிசினஸ் ப்ரொஃபைலில் முகவரி, நேரம், தொலைபேசி சரியாக இருக்க வேண்டும். சர்ச் கன்சோல் என்ற கூகுள் கருவி இலவசம். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று 16 மாதத் தரவை அது காட்டும்.

அடுத்தது நம் ஊர்த் தளங்களுக்கே உரிய சிக்கல். பல நிறுவனங்களின் தமிழ்க் கையேடுகள் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தேடுபொறி அந்தக் குவியலைத்தான் படிக்கிறது. அருமையான பராமரிப்புக் கையேடு ஒன்று பத்து வருடமாகத் தளத்தில் கிடந்தும் யார் தேடலிலும் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப்பாக வைக்காமல் சாதாரணப் பக்கமாகப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

இவ்வளவும் நல்ல காரியங்கள்தான். ஆனால் இவற்றுக்கு ஒரு எல்லை உண்டு. "5 எச்பி சப்மெர்சிபிள் பம்ப் விலை" என்ற தேடலில் பெரிய பிராண்டுகளும், இந்தியாமார்ட், அமேசான் போன்ற தளங்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. சிறு நிறுவனத்தின் தயாரிப்புப் பக்கத்தில் இருப்பது நான்கு வரியும் ஒரு படமும். தலைப்பை எவ்வளவு திருத்தினாலும், அந்த நான்கு வரியை மேலே கொண்டுவர தேடுபொறிக்கு ஒரு காரணமும் இல்லை.

இந்த எல்லையை மறைக்கத்தான் பேக்கேஜ் விற்பவர்கள் சில வேலைகள் செய்கிறார்கள். "மதுரையில் சிறந்த பம்ப்", "தேனியில் சிறந்த பம்ப்" என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பக்கம் போடுவது ஒன்று. காசு கொடுத்து வெளித் தளங்களில் இணைப்பு வாங்குவது இன்னொன்று. இரண்டுமே பழைய தந்திரங்கள், இரண்டுக்கும் தண்டனை கிடைத்த வரலாறு உண்டு. தேடுபொறிக்கென்றே தனிப் பக்கங்கள் வைத்திருந்ததற்காக 2006-இல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. 2011-இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைக்காக விலைக்கு வாங்கிய இணைப்புகள் செய்தித்தாளில் அம்பலமாக, அந்தத் தளம் தேடல் முடிவுகளில் சரிந்தது. அடுத்த ஆண்டே, இப்படிப்பட்ட இணைப்புகளைக் குறிவைக்கும் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கூகுள் தன் தேடலில் கொண்டுவந்தது. 2024 மார்ச்சில், தரவரிசைக்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களுக்கு எதிரான விதியையும் கூகுள் இறுக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனங்கள் மீண்டுவிட்டன. கணபதியில் இருக்கும் சிறு நிறுவனத்துக்கு அப்படி ஓர் அடி விழுந்தால், ஏன் விழுந்தது என்று தெரிந்துகொள்ளவே மாதங்கள் ஆகும். முதல் இடம் கேரண்டி என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

சரி, கன்டென்ட். இங்கேதான் சிறு நிறுவனத்தின் பலம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மோட்டார் வாங்கப் போகிறவரை விட, வாங்கிய மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறவர் அதிகம் தேடுவார். "மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்பது அவருடைய கேள்வி. இதற்கான விடைகள் சர்வீஸ் ஃபோர்மேனுக்கு மனப்பாடம். தண்ணீர் மட்டம் பம்புக்குக் கீழே போயிருக்கலாம். பைப் இணைப்பில் ஓட்டை இருக்கலாம். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். மேலே வைக்கும் மோனோபிளாக் என்றால் உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு கசியலாம். லைன் வேலை நடந்த மறுநாள் இந்தப் புகார் வந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் கேட்கும், தண்ணீர் சரியாக ஏறாது. இதை எந்த வரிசையில் சோதிப்பது, எதைத் தானே பார்க்கலாம், எதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும், எப்போது பம்பை மேலே எடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் தெளிவாக எழுதினால், பம்பைத் தூக்கும் கூலியை ஒரு விவசாயி மிச்சம் பிடிக்கலாம். அவர் அந்தப் பெயரை மறக்க மாட்டார்.

கேட்லாக்குக்கும் வாங்குபவருக்கும் இடையில் இன்னோர் இடைவெளி. கேட்லாக்கில் ஹெட், அதாவது தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம், மீட்டரில் இருக்கும், தண்ணீர் அளவு நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று இருக்கும். விவசாயி அடியில் பேசுவார், "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்பார். அவர் தேடுவது "300 அடி போருக்கு எத்தனை எச்பி". உண்மையில் அந்தக் கேள்வியிலேயே ஒரு குறை இருக்கிறது. போரின் ஆழத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மோட்டார் ஓடும்போது தண்ணீர் நிற்கும் ஆழம், தரையிலிருந்து தொட்டியின் உயரம், பைப்பில் ஆகும் உராய்வு இழப்பு, இவை மூன்றும் சேர்ந்ததுதான் ஹெட். இதை அடிக் கணக்கில், எச்பி, ஸ்டேஜ் (இம்பெல்லர் அடுக்கு) எண்ணிக்கையோடு ஓர் அட்டவணையாகப் போட்டால் அது எஸ்இஓவும்தான், கன்டென்ட்டும்தான். வாங்குபவரின் சொல் தளத்தில் வந்துவிட்டது, அவருக்கு விடையும் கிடைத்துவிட்டது.

விவசாயக் கருவி விற்கும் தொழிலுக்கு இந்த வழி புதிதல்ல. அமெரிக்காவின் ஜான் டியர் நிறுவனம் 1895-இலேயே விவசாயிகளுக்காக 'தி ஃபர்ரோ' என்ற இதழைத் தொடங்கியது. அருகில் பார்த்தால், பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, வர்சிட்டி என்ற பெயரில் பங்குச்சந்தைப் பாடங்களை இலவசமாகத் தந்து பலருக்கு அறிமுகமானது. இரண்டுமே தொழில் தெரிந்தவர்களின் அறிவைப் பொதுவில் வைத்த முயற்சிகள்.

கன்டென்ட்டிலும் காசு வீணாகும் வழி உண்டு. "பம்ப் என்றால் என்ன", "பம்பின் ஐந்து நன்மைகள்" வகைக் கட்டுரைகளுக்கு இனி ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம். 2024 ஆகஸ்ட் முதல் இந்தியாவிலும் கூகுள் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தைத் தேடலின் மேலேயே காட்டுகிறது. பொதுவான விளக்கம் தேடுபவர் அங்கேயே படித்துவிட்டுப் போய்விடுவார். குறைந்த வோல்டேஜில் எந்த மாடலின் காயில் (கம்பிச் சுருள்) எப்படிப் போகிறது, உப்புத் தண்ணீரில் எந்தப் பாகம் முதலில் அரிக்கிறது என்பதெல்லாம் உங்கள் சர்வீஸ் ரிஜிஸ்டரில் மட்டுமே இருக்கும். எழுத வேண்டியது அதைத்தான். ஃபோர்மேனை எழுதச் சொன்னால் நடக்காது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் அவரைப் பேசவிட்டுப் பதிவு செய்து, இன்னொருவர் எழுதட்டும். பம்பைப் பிரித்துக் காட்டும்போது செல்பேசியில் எடுத்த வீடியோவும் அதே பக்கத்தில் இருக்கட்டும். தேடுபவர்கள் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும், குரலிலும் கேட்கிறார்கள். அதனால் பேச்சில் வரும் சொற்களைக் கட்டுரையில் "திருத்தி" எடுத்துவிடாதீர்கள். "போர் மோட்டார்" என்று ஊரே சொல்லும்போது "நீர்மூழ்கி மின்னியக்கி" என்று தலைப்பு வைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

விளம்பரம், சந்தைத் தளங்கள் பற்றிச் சுருக்கமாக. கூகுள் விளம்பரம் காசு கொடுக்கும்வரை தெரியும், நிறுத்தினால் மறையும், அதனால் இயல்பான தரவரிசை கூடாது. போர்கள் வற்றும் கோடை மாதங்களில் மட்டும், டீலர் இருக்கும் மாவட்டங்களுக்கு மட்டும் போடலாம். சந்தைத் தளங்களில் விசாரிப்பு வரும், ஆனால் வாங்குபவர் பல விற்பனையாளர்களிடம் ஒரே நேரத்தில் விலை கேட்பதால் பேச்சு விலையில்தான் முடியும்.

வேகத்தில் எஸ்இஓவுக்கும் கன்டென்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் மெதுவானவை. எஸ்இஓ வேலையின் பலன் தெரிய பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பது கூகுள் தரப்பே சொன்ன கணக்கு. அளப்பதில் வித்தியாசம் உண்டு. எஸ்இஓ ஆள் தரவரிசை அறிக்கை தருவார், அதில் யாரும் தேடாத சொல்லுக்கும் முதலிடம் காட்ட முடியும். கன்டென்ட்டின் பலனைத் தொலைபேசி எடுக்கும் பெண்ணிடம் கேட்டால் போதும். "உங்க பக்கத்துல படிச்சேன்" என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் அவர் குறித்து வரட்டும்.

நான் அந்த உரிமையாளராக இருந்தால் முதல் இரண்டு மாதத்தில் தளத்தைச் சரிசெய்து எஸ்இஓ ஆளுக்குக் கணக்கை முடித்துவிடுவேன். அதன் பிறகு மாதம் இரண்டே பக்கம், ரிஜிஸ்டரில் அதிகம் வரும் புகாரிலிருந்து தொடங்கி. ஆடியிலேயே ஆரம்பித்துவிடுவது நல்லது. பங்குனியில் போர் வற்றத் தொடங்கிய பிறகு எழுதினால் அந்தக் கோடைக்கு அது உதவாது.