17 ஆண்டுகளுக்குப் பிறகு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்

2004-ல் கல்லூரி முடிந்து வேலைக்குப் போனதோடு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற கணினி விளையாட்டை ஆடுவது நின்றுபோனது. மீண்டும் தொட்டபோது 2021 முடியும் தறுவாயில் இருந்தது. இடையே 2005-ல் மூன்றாம் பாகமும், பின்னால் அதன் விரிவாக்கங்களும் வந்தன. 2011-ல் இணையத்தில் மட்டும் ஆடும் பாகம் ஒன்று வந்து போனது. தொடரைத் தொடங்கிய டெக்சஸ் மாநிலத்து என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009-லேயே மூடப்பட்டுவிட்டது. எல்லாவற்றையும் தவறவிட்டவன் நான். திரும்பி வந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆடிய பிறகு, என்னைப் போல் விட்டுப்போனவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஆடியது 1999-ல் வந்த இரண்டாம் பாகமும் அடுத்த ஆண்டு வந்த கான்கரர்ஸ் விரிவாக்கமும். மதுரையில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் நான்கு கணினிகளை வயரால் இணைத்து இருவர் இருவராகப் பிரிந்து ஆடுவோம். வரைபடம் எப்போதும் பிளாக் ஃபாரஸ்ட்தான். சுற்றிலும் அடர்ந்த காடு, உள்ளே வர ஒடுங்கிய வழிகள். வழியை மதிலால் அடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஊரை வளர்த்து, பிறகு படையோடு கிளம்புவோம். அதுவரை யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. யாரும் சொல்லி வைக்காமலே எல்லோரும் காத்த நியதி அது. இந்த விளையாட்டில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அந்த வயதில் மனதார நம்பினேன்.

திரும்பி வரும் எவரும் செய்வதைப் போல நானும் புதிய பாகத்தில்தான் தொடங்கினேன். 2021 அக்டோபரில் வெளியான நான்காம் பாகத்தில், நாம் தேர்ந்தெடுத்து ஆட 8 நாகரிகங்கள் இருந்தன. கதைத் தொடர்களின் நடுவே வரும் வரலாற்று ஆவணப்படத் துணுக்குகள் மிக நேர்த்தியானவை. நார்மன் படையெடுப்புப் பகுதியை அவற்றுக்காகவே ஒரே மூச்சில் முடித்தேன். மங்கோலியர் தங்கள் கட்டடங்களையே பெயர்த்துக்கொண்டு இடம் மாறுவதும், டெல்லி சுல்தானியத்துக்கு ஆய்வுகள் செலவில்லாமல், ஆனால் மெதுவாக நடப்பதும் யோசித்துச் செய்த வேலை. இருந்தும் இரண்டு மாதத்தில் கை தளர்ந்தது. தெரிந்த ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, அழகான வேறோர் ஊரில் இறங்கிவிட்ட உணர்வு. குறை விளையாட்டில் இல்லை. நான் தேடிப் போனது வேறு.

அது 2022 ஏப்ரலில் கிடைத்தது. இரண்டாம் பாகத்தைப் புதுப்பித்து 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று வெளியிட்டிருந்தார்கள். அதற்கு 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம் வந்தது. வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என மூன்று புதிய நாகரிகங்கள். திராவிடர்கள் பேசும் மொழி தமிழ்.

இரண்டாம் பாகத்தில் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு நாகரிகத்தின் மக்களும் அவரவர் மொழியில்தான் பதில் சொல்வார்கள். எங்கள் நால்வரில் ஒருவன் டியூட்டன்கள் என்ற ஜெர்மானியரின் சொற்களை அப்படியே சொல்லிக் காட்டுவான். பொருள் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டுக் கேட்டு அந்த ஓசை மட்டும் மனப்பாடம். இப்போது திராவிடர்களைத் தேர்ந்தெடுத்து, ஊர் வேலைகளைச் செய்யும் வில்லேஜர் ஒருவன் மீது முதலில் கிளிக் செய்தேன். தமிழில் பதில் வந்தது. அன்று மாலை நான் ஆடவில்லை. ஆட்களையும் வீரர்களையும் மாறி மாறிக் கிளிக் செய்து கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையிலிருந்து அக்கா மகன் வந்து எட்டிப் பார்த்தான். "மாமா, இது உண்மையிலேயே தமிழா?" என்றான். அவனும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

மொழியோடு நிறுத்தாமல் நாகரிகத்தின் அமைப்பையும் அக்கறையோடு செய்திருக்கிறார்கள். திராவிடர்களுக்கு நைட் என்னும் கனரகக் குதிரைப்படை கிடையாது. வரலாற்றில் போர்க்குதிரைகள் தமிழகத்துக்குக் கடல் வழியாக வந்திறங்க வேண்டியிருந்தது. அந்தப் பற்றாக்குறையை விளையாட்டின் விதியாக்கிவிட்டார்கள். பதிலுக்குக் காலாட்படையும் யானைகளும் கப்பல்களும் வலுவானவை. சுருள்வாள் வீசும் வீரர்கள் அவர்களுக்கே உரிய படை. ஆங்கிலத்தில் உறுமி என்ற பெயரில் வருகிறார்கள். திரிசடை என்ற பெரிய போர்க்கப்பல் உண்டு. பழங்காலத் தென்னிந்திய எஃகின் பெயர் கொண்ட 'வூட்ஸ் ஸ்டீல்' ஆய்வை முடித்தால், நம் காலாட்படையின் வீச்சுக்கு முன் எதிரியின் கவசம் பயனற்றுப்போகிறது. கொடுமணலில் எஃகு உலைகளின் தடயங்கள் கிடைத்ததைப் படித்தவர்களுக்கு அந்தப் பொத்தானை அழுத்தும்போது உள்ளம் சற்று நிமிரும். ராஜேந்திர சோழனின் கதைத் தொடரும் இருக்கிறது. பெயர் மட்டும் எனக்கு உறுத்துகிறது. திராவிடம் என்பது ஒரு மொழிக்குடும்பம். இங்கே ஒலிப்பதோ தமிழ் ஒன்றுதான். தமிழர் என்றே பெயரிட்டிருக்கலாம்.

இனி, திரும்பி வந்தவர்களுக்கு முக்கியமானதைச் சொல்கிறேன்.

என் பழைய அறிவு மூன்றாம் நாளே நொறுங்கியது. இணையத்தில் தரவரிசை ஆட்டத்துக்குப் போனால், பெரும்பாலும் அரேபியா என்ற திறந்தவெளி வரைபடம். மதில் எழுப்பி ஒரு மணி நேரம் காத்திருக்க யாரும் விடுவதில்லை. 10 நிமிடத்தில் எதிரியின் குதிரைகள் என் மரவெட்டிகளைத் துரத்தின. அடுத்தடுத்து 9 தோல்விகள். புதிய நாகரிகங்கள் தெரியாததுதான் காரணம் என்று நினைத்தேன். தோற்ற ஆட்டம் ஒன்றின் பதிவை அக்கா மகன் பார்த்துவிட்டு, "டவுன் சென்டர் சும்மாவே நிற்கிறதே மாமா" என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வில்லேஜர்களை உருவாக்கும் ஊரின் மையக் கட்டடம்தான் டவுன் சென்டர். ஒரு வில்லேஜர் உருவாக 25 விநாடி, 50 உணவு. டவுன் சென்டர் இரண்டு நிமிடம் சும்மா நின்றால் ஏறக்குறைய 5 ஆட்கள் குறைவு. ஆட்டம் தொடங்குவதே 3 வில்லேஜர்களோடுதான். அந்த ஐவரும் மீதி ஆட்டம் முழுவதும் கொண்டுவந்திருக்கக்கூடிய மரமும் உணவும் சேர்ந்தே தொலைகின்றன. கல்லூரி நாட்களில் டவுன் சென்டரை எத்தனை நிமிடம் தூங்க விட்டிருப்போம்! நால்வரும் ஒரே வேகத்தில் மெதுவாக இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

ஆகவே, பழைய ஆட்டக்காரர்கள் வெட்கப்படாமல் 'ஆர்ட் ஆஃப் வார்' பயிற்சிகளுக்குப் போக வேண்டும். ஆட்டை டவுன் சென்டருக்கு அடியில் கொண்டுவந்து அறுப்பது, காட்டுப்பன்றியை ஓர் ஆளை அனுப்பி வீடுவரை இழுத்து வருவது, எத்தனையாவது ஆளை மரத்துக்கு அனுப்புவது என்று எல்லாம் நேரக் கணக்கோடு சொல்லித்தந்து பதக்கம் தருகிறார்கள். முதல் பயிற்சியிலேயே தங்கம் வாங்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கற்றது, கல்லூரி நாட்களில் கற்றதைவிட அதிகம்.

புதிய வசதிகள் பல, நேரம் குறைவாக உள்ள என் வயதுக்காரர்களுக்குப் பெரும் உதவி. முதல் பதிப்பில் விளைச்சல் தீர்ந்த ஒவ்வொரு வயலையும் நாமே தேடிப் போய் மறுபடி போட வேண்டும். இப்போது தானாகவே நடக்கிறது. ஒற்றறியும் குதிரைவீரனைத் தானாகச் சுற்றிவர விடலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒரே ஆளுக்கு ஐந்தாறு வேலைகளை வரிசையாகக் கொடுத்துவிடலாம். டவுன் சென்டருக்கு இன்றும் 'எச்' விசைதான். என் விரல் அதை மறக்கவேயில்லை. ஆனால் வில்லேஜருக்கு 'சி' போய் 'க்யூ' வந்திருந்தது. ஒரு மாதம் தடுமாறிவிட்டு அமைப்புகளில் பழையபடி மாற்றிக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. இந்த விரிவாக்கத்தோடு நாகரிகங்கள் 42 ஆகிவிட்டன. அதற்குப் பிறகும் கூடிக்கொண்டே வருகின்றன. எதிரியிடம் என்ன இருக்கும் என்று நினைவில் வைப்பது ஒரு தனிப் படிப்பு. விரிவாக்கங்களைத் தனித்தனியாக வாங்க வேண்டியிருப்பதால் செலவு மெல்ல ஏறும். பெரும் படையை ஒடுங்கிய வழியில் நகர்த்தினால் வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நெருக்கடியான நேரத்தில் அது கடும் எரிச்சலைத் தரும்.

தவறவிட்ட பாகங்களை வரிசையாக ஆட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். மூன்றாம் பாகத்தின் புதுப்பித்த பதிப்பையும் இரண்டு வாரம் ஆடிப் பார்த்தேன். தாய்நகரிலிருந்து சரக்குகள் வந்திறங்கும் முறை சுவையானதுதான். ஆனால் இரண்டாம் பாகத்துக்குத் திரும்ப அதில் ஒரு துளியும் தேவைப்படவில்லை. எந்தப் பாகத்தில் மனம் நின்றதோ அதன் புதிய பதிப்புக்கே நேராகப் போங்கள்.

பழைய நண்பர்களில் இருவரையும் இழுத்துவிட்டேன். ஒருவன் சிங்கப்பூரில் இருக்கிறான், ஒருவன் ஓசூரில். நான்காவது ஆளாக அக்கா மகன். சனிக்கிழமை இரவுகளில் சேர்கிறோம். சென்ற மாதம் நினைவுக்காகப் பிளாக் ஃபாரஸ்ட் போட்டோம். நானும் ஓசூர் நண்பனும் ஒரே அணி. வழி இரண்டையும் மதிலால் அடைத்துவிட்டு, பழைய நாட்களைப் பேசிக்கொண்டே ஊரை வளர்த்தோம். திடீரென்று என் வயல்களுக்குப் பின்னால் மரங்கள் சரியத் தொடங்கின. ஒனேஜர் என்ற கல்லெறி பொறியால் காட்டையே வெட்டி வழி செய்துகொண்டு அக்கா மகனின் யானைகள் உள்ளே வந்தன. ஒனேஜரால் மரத்தை வீழ்த்த முடியும் என்பது கல்லூரி நாட்களில் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.