ஜோட்டெரோ: ஸ்டைல் எல்லாம் சரி, பெயர்தான் தகராறு

ரெஃபரன்ஸ்களைச் சேமித்துவைத்து, கட்டுரைக்குள் மேற்கோளாகவும் கடைசியில் பட்டியலாகவும் போட்டுத்தரும் மென்பொருள்கள் எண்ட்நோட்டும் ஜோட்டெரோவும். எண்ட்நோட் உரிமத்தைப் புதுப்பிக்கலாமா, ஜோட்டெரோவுக்கு மாறிவிடலாமா என்று ஆய்வு செய்யும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஜோட்டெரோ இலவசம், பிடிஎஃப் வைக்க ஆன்லைனில் 300 எம்பி இடம், ரெஃபரன்ஸ் விவரங்கள் அந்தக் கணக்கில் சேராது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நீண்ட நாள் பயன்பாட்டில் தீராமல் நிற்பது ஒரே தொல்லைதான்: கட்டுரையாளர் பெயர்.

ஜோட்டெரோவில் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பெட்டி: சர்நேமுக்கு ஒன்று, மீதிப் பெயருக்கு ஒன்று. சர்நேம் பெட்டியில் இருப்பதுதான் கட்டுரைக்குள் மேற்கோளாக வரும். கடைசிப் பட்டியலின் அகரவரிசையும் அதை வைத்தே அமையும். நம்மில் பெரும்பாலோருக்குச் சர்நேமே கிடையாது. இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். இனிஷியலை முன்னால் எழுதியவரை இதில் சிக்கல் இல்லை. 1928இல் நேச்சர் இதழின் 121ஆம் தொகுதியில் வந்த சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணன் கட்டுரையை ஏபிஏ ஸ்டைலில் (பெயரையும் ஆண்டையும் மேற்கோளாகக் காட்டும் முறை) போட்டுப் பாருங்கள். ராமன், சி. வி., அடுத்து கிருஷ்ணன், கே. எஸ். என்று ஒழுங்காக வரும். கடைசியில் நிற்பது சொந்தப் பெயர் என்பதால் பெட்டி சரியாகப் பொருந்திவிடுகிறது.

பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து, அப்பா பெயரைப் பின்னால் கொண்டுபோனதும் எல்லாம் குழம்புகிறது. ஆர். முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் அவர் முருகன், ஆர். இன்னொன்றில் ராமசாமி, எம். என்று அவருடைய அப்பா பெயரில் நிற்கிறார். மூன்றாவது ஆய்விதழின் படிவத்தில் யாரோ இனிஷியலையே சர்நேம் பெட்டியில் போட்டிருந்தால் வெறும் ஆர்., எம். மட்டும் மிஞ்சும். ஒரே ஆளுக்குப் பட்டியலில் மூன்று இடம்.

நியாயமாகப் பார்த்தால் இது ஜோட்டெரோ செய்த பிழை இல்லை. டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரையின் தனி அடையாள எண்ணைக் கொடுத்ததும் அது பெரும்பாலும் கட்டுரை விவரங்களைப் பதிந்துவைக்கும் கிராஸ்ரெஃபிடம் போய், பதிப்பகம் அங்கே பதிந்துவைத்ததை அப்படியே எடுத்துவருகிறது. பிழை மூலத்திலேயே இருக்கிறது. எண்ட்நோட்டுக்கு மாறினாலும் இதே பெயர்தான் வந்து விழும். ஆனாலும் சர்நேம் பெட்டியில் ஒற்றை எழுத்து உட்கார்ந்திருந்தால் "இதைப் பாருங்கள்" என்று ஒரு சிறு எச்சரிக்கை காட்டலாமே! 2006இல் தொடங்கிய மென்பொருள், ஏழாவது பதிப்பு வந்தது 2024இல். இத்தனை காலத்தில் இதைச் சேர்க்காதது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இதன் கிளைத்தொல்லை இன்னொன்று உண்டு. அதைப் பார்த்துப் பலர் ஸ்டைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறார்கள். ஏபிஏவில் வெறும் செல்வம், 2019 என்று வரவேண்டிய இடத்தில் எஸ். செல்வம், 2019 என்று இனிஷியலோடு வரும். ஒரு பதிவில் செல்வம், எஸ். என்றும் மற்றொன்றில் செல்வம், எஸ். கே. என்றும் இருப்பதால், இவர்கள் இரண்டு பேர் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஒரே சர்நேம் கொண்ட இருவரை இனிஷியல் போட்டுப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது ஏபிஏ விதி. அதைத்தான் அது செய்கிறது. வேர்டில் போய் அந்த இனிஷியலை அழிப்பது வீண். ஜோட்டெரோவிலிருந்து மேற்கோள்களைப் புதுப்பிக்கும் அடுத்த ரெஃப்ரெஷில் திரும்ப வரும். ஜோட்டெரோ நூலகத்தில், அதாவது நாம் சேர்த்துவைத்த பதிவுகளின் தொகுப்பில், இரண்டு பதிவிலும் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி ஆக்கிவிட்டு ரெஃப்ரெஷ் கொடுத்தால் போய்விடும்.

எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது? அச்சான கட்டுரையின் பிடிஎஃப்பில் உள்ள பெயரே அளவுகோல். பெட்டிகள் இடம் மாறியிருந்தால், பெயரின் மேல் வலது கிளிக் செய்து இரண்டையும் மாற்றிப்போடும் வசதி இருக்கிறது. இனிஷியல் ஓரிடத்தில் குறைந்தும் ஓரிடத்தில் நிறைந்தும் இருந்தால் நிறைந்ததை எல்லாவற்றிலும் வையுங்கள். ஆனால் கட்டுரையாளரே அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டு வெளியிட்டிருந்தால் அதைப் புரட்டக்கூடாது. அவருடைய சொந்தப் பெயர் நமக்குத் தெரியும் என்பது காரணமாகாது. படிப்பவர் அந்தக் கட்டுரையைத் தேடப்போவது அச்சான பெயரில்தான்.

நிறுவனப் பெயருக்கு இரண்டு பெட்டியையும் ஒன்றாக்கும் ஒற்றைப் பெட்டி முறை உண்டு. அதைச் செய்யாமல் விட்டால் வேர்ல்ட் ஹெல்த் ஆர்கனைசேஷன், ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச். ஆகிவிடும். இந்தப் பிழை அச்சேறிய கட்டுரைகளிலும் கண்ணில் படுகிறது.

தலைப்புகளில் வேலை குறைவு. ஆங்கிலத் தலைப்பை முதல் சொல்லுக்கும் ஆள், ஊர் போன்ற சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து வரும் வடிவில் சேமித்துவையுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும் வடிவத்துக்கு மென்பொருளே மாற்றும்; எதிர்த்திசையில் மாற்றும்போது சிறப்புப் பெயர்களை அதனால் கண்டுபிடிக்க முடியாது. தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் கொடுத்திருந்தால் மொழிப் பெட்டியில் தமிழுக்குரிய ஈரெழுத்துக் குறியீட்டை (ta) போட்டுவிடுங்கள். காலியாக விட்டால் ஆங்கிலம் என்று எண்ணி, ஸ்டைல் கேட்கும்போது ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கிவிடும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, மனதார மகிழ்ந்ததையும் சொல்ல வேண்டும். ஓர் ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பி, அடுத்ததற்கு ஏபிஏவிலிருந்து எண்களால் மேற்கோள் காட்டும் வான்கூவர் ஸ்டைலுக்கு மாற்ற வேண்டிவந்தால் ஸ்டைலை மாற்றி ஓகே கொடுத்தால் போதும். மொத்தப் பட்டியலும் எண் வரிசைக்கு வந்துவிடும். கையால் செய்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அதைவிடப் பெரியது 2019இல் வந்த வசதி. பிழைக்காகவோ மோசடிக்காகவோ திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, நூலகத்தில் உள்ள கட்டுரை ஏதாவது திரும்பப் பெறப்பட்டிருந்தால் சிவப்பில் எச்சரிக்கும். அதை மேற்கோள் காட்டப்போனாலும் தடுத்துக் கேட்கும். எந்த ஆய்வாளரும் தன் ரெஃபரன்ஸ் ஒவ்வொன்றையும் மாதாமாதம் தேடிப் பார்க்க முடியாது. இந்த ஒன்றுக்காகவே அதை நிறுவிவைக்கலாம்.

கூட்டாக எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு நூலகத்திலிருந்து மேற்கோள் செருகினால் ஒரே கட்டுரை 5ஆம் எண்ணிலும் 17ஆம் எண்ணிலும் வரும். தொடக்கத்திலேயே குழு நூலகம் ஒன்றைத் திறந்து எல்லோரும் அதிலிருந்தே எடுங்கள். சமர்ப்பிக்கும் முன், ஆன்லைனில் முதலில் வந்த கட்டுரைகளுக்குத் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இப்போது வந்துவிட்டனவா, ஆண்டு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவு தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது.

மாறலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பிஎச்டி ஆய்வேடு எழுதுகிறவர்கள் இன்றே மாறிவிடுங்கள். ஆனால் முப்பது ரெஃபரன்ஸ், அதில் பாதி நம் ஊர்ப் பெயர்கள், அடுத்த வாரம் கெடு என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, மேலே புகழ்ந்த அத்தனையையும் தாண்டி, கையாலேயே தட்டச்சு செய்யுங்கள் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். இல்லை, ஜோட்டெரோதான் என்றால், எழுதத் தொடங்கும் முன் நூலகத்தைக் கட்டுரையாளர் பெயர் வரிசையில் அடுக்கி, சர்நேமாக ஒற்றை எழுத்து நிற்பவை, முழுக்கப் பெரிய எழுத்தில் இருப்பவை, அடுத்தடுத்து ஏறக்குறைய ஒரே பெயராக வருபவை ஆகிய மூன்றையும் பிடிஎஃப்போடு ஒப்பிட்டுத் திருத்திவிடுங்கள். கடைசியில் வேர்ட் கோப்பை ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் ஜோட்டெரோவோடு உள்ள இணைப்பை நீக்கி அதை அனுப்புங்கள். மூலக் கோப்பில் நீக்கிவிட்டால் திருத்தம் கேட்டு வரும்போது எல்லா மேற்கோளையும் மறுபடி செருக வேண்டியிருக்கும்.