கிளியின் மூக்கு இரண்டு மில்லி தள்ளி: ரிசோவில் இரண்டு கலர் அடித்த கதை

ஜெராக்ஸ் மாதிரிதான் ரிசோவும். இந்த வகை அச்சு மெஷின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் எங்கள் ஊரில் அதற்கு ரிசோ என்றே பெயர். 1946-ல் டோக்கியோவில் நொபொரு ஹயாமா தொடங்கிய கம்பெனி 1980-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரிசோகிராப் என்ற மெஷினின் பெயர் அது. என்னிடம் இருப்பதும் அந்த வகைதான், கம்பெனி எதுவென்று சொல்லவில்லை. ஏற்கெனவே ஓடித் தேய்ந்த மெஷினை வாங்கிவிட்டு, அதன் குறையை, மெஷினைச் செய்தவன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

கும்பகோணத்தில் எங்களுக்குச் சின்ன அச்சகம். அப்பா 30 வருஷம் ஒற்றைக் கலர் ஆஃப்செட் அச்சு மெஷின் ஓட்டியவர். முட்டி வலி வந்ததும் அதை விற்றுவிட்டு, இரண்டாம் கையாக ஒரு ஏ3 மெஷின் வாங்கினோம். கறுப்பு டிரம்மும் (கலருக்கு ஒன்றாக மாட்டும் மை உருளை) சிவப்பு டிரம்மும் கூடவே வந்தன, பச்சையைப் பிறகு தேடி வாங்கினேன். கேள்வித்தாள், பிட் நோட்டீஸ், பில் புக் என்று ஒற்றைக் கலர் வேலைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. படத்தை நுண்ணிய துளைகளாகப் போட்ட மெல்லிய தாளுக்கு மாஸ்டர் என்று பெயர், அது டிரம்மில் ஏறி முதல் தாள் வருவதற்குத்தான் கொஞ்ச நேரம். அப்புறம் நிமிஷத்துக்கு நூறு தாளைத் தள்ளிவிடும். சூடு கிடையாது, கரண்ட்டும் அதிகம் இழுக்காது. ஒற்றைக் கலர் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இரண்டு கலர் என்று வந்தால்தான் இந்த மெஷினின் குணம் தெரியும்.

பாலர் பள்ளி டீச்சர் ஒருவர் குழந்தைப் பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். 24 பக்கம், 300 பிரதி, பச்சையும் சிவப்பும். அட்டையில் ஒரு கிளி: உடம்பு பச்சை, மூக்கு சிவப்பு. ஏ3 தாளில் பக்கத்துக்கு நாலு என்று மடித்தால் மூன்று தாள். இரண்டு பக்கம், இரண்டு கலர், ஆக 12 மாஸ்டர். ஒவ்வொரு தாளும் நாலு முறை மெஷினுக்குள் போய் வரவேண்டும். என்ன பெரிய விஷயம் என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் அடித்ததில் கிளியின் மூக்கு முகத்தை விட்டு இரண்டு மில்லிமீட்டர் தள்ளித் தொங்கியது. சரி, இடம்தானே, நகர்த்தலாம் என்று பேனல் பட்டனைத் தொட்டேன். என் மெஷினில் ஒரு அழுத்துக்கு அரை மில்லி மேலோ கீழோ போகும். இடம் வலத்துக்குத் தாள் வைக்கும் தட்டின் ஓரத்தில் ஒரு திருகு இருக்கிறது. நாலு அழுத்து, அரைத் திருகு. மூக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த தாளை எடுத்தால் மூக்கு கண்ணுக்குள். அதற்கடுத்த தாளில் மறுபடி சரி. பத்துத் தாளை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது, கிளி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொண்டு நின்றது.

அப்பா நாற்காலியில் இருந்தபடியே, "ஏம்மா, ரெண்டாவது தடவை எந்த மூலை முன்னாடி போச்சு?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை.

ஆஃப்செட்டில் கிரிப்பர் தாளின் விளிம்பைப் பல்லால் கவ்வுவது போலப் பிடித்துக்கொள்ளும், பக்கவாட்டில் சைடு லே இழுத்து நிறுத்தும். ஒவ்வொரு தாளும் ஒரே இடத்தில் நின்றுதான் அச்சுக்குள் போகும். என் மெஷினில் அப்படி ஒரு பிடி இல்லை. ரப்பர் ரோலர் தாளை உரசி இழுக்கிறது, உள்ளே இன்னொரு ஜோடி ரோலர் நேரம் பார்த்துத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ரப்பரில் கொஞ்சம் பேப்பர் தூசி இருந்தாலே ஒரு தாள் சறுக்கி ஒரு நொடியின் துளியளவு பிந்தும். அந்தப் பிந்தல்தான் தாளில் ஒரு மில்லி. பட்டன் எல்லாத் தாளையும் சேர்த்து நகர்த்துமே தவிர, தாளுக்குத் தாள் ஆடுவதை அது ஒன்றும் செய்யாது. இது புரிய எனக்கு ஒரு ரீம், அதாவது 500 தாள், செலவானது.

அப்பா சொல்லிக்கொடுத்த வேலை இதுதான். தாள்கட்டைத் தட்டி நேராக்கி, முன்பக்கம் போகும் விளிம்பில் பென்சிலால் மேலிருந்து கீழே ஒரு சாய்வுக் கோடு போட வேண்டும். முதல் கலர் அடித்து வெளியே வந்த கட்டில் அந்தக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதே விளிம்பு, அதே மூலை முன்னால் போகும்படி மறுபடி வைக்க வேண்டும். நடுவில் ஒரு தாள் திரும்பியிருந்தால் கோடு அங்கே உடைந்து தெரியும். இது ஏன் முக்கியம் என்றால், கடையில் வெட்டிக் கொடுக்கும் தாளின் மூலைகள் சரியான செங்கோணமாக இருப்பதில்லை. நான் வழக்கமாக வாங்கும் இடத்தில் வெட்டித் தந்த கட்டை மூலைமட்டத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு மூலை முக்கால் மில்லி ஓடியிருந்தது. ஒரே மூலை இரண்டு முறையும் முன்னால் போனால் அந்தக் கோணல் இரண்டு கலருக்கும் பொதுவாகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. திருப்பி வைத்தால் முக்கால் மில்லி ஒன்றரையாகிவிடும்.

சாய்வு தனித் தலைவலி. மேல் கீழ், இடம் வலம் நகர்த்த வழி உண்டு, சுழற்ற வழி இல்லை. முதலில் ஒரிஜினலைக் கண்ணாடி மேல் கையால் வைத்து ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். பச்சைக்கு வைத்த தாளும் சிவப்புக்கு வைத்த தாளும் அரை டிகிரி வித்தியாசமாக உட்கார்ந்தால் போச்சு, ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் பிளக்கும். கம்ப்யூட்டரிலிருந்து நேரே அனுப்பும் வசதி வைத்த பிறகுதான் அது தீர்ந்தது. மெஷின் வாங்கப் போகிறவர்கள் டிரம் எத்தனை என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

ஸ்பீடு விஷயமும் உண்டு. மெதுவாக ஓட்டி ப்ரூஃப் (சோதனைத் தாள்) பார்த்துவிட்டு, ரன்னுக்கு, அதாவது மொத்தமாக அடிக்கும்போது, வேகத்தைக் கூட்டினால் படம் இடம் மாறும். நான் இப்போது நடு வேகத்தில் ப்ரூஃப், அதே வேகத்தில் ரன். ஒரு தடவைக்கு 200 தாளுக்கு மேல் தட்டில் வைப்பதில்லை. பக்கத் தடுப்பு தாளைத் தொட வேண்டும், நெருக்கக் கூடாது.

இந்த இங்க் சூட்டில் காய்வது இல்லை. எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பு, தாள் உறிஞ்சினால்தான் உண்டு. அதனால் பளபளப்பான ஆர்ட் பேப்பர் பக்கமே போகாதீர்கள், மறுநாளும் விரலில் ஒட்டும். நான் அடித்தது மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாள், 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்). அதிலும் முதல் கலர் அடித்த ஒரு மணி நேரத்தில் அவசரப்பட்டு இரண்டாவதை விட்டேன். உள்ளிருந்த ரோலர் பச்சையைத் தொட்டு எடுத்து, பின்னால் வந்த ஒவ்வொரு தாளிலும் ரயில் தண்டவாளம் போல இரண்டு கோடு இழுத்து வைத்தது. இப்போது குறைவாக இங்க் பிடிக்கும் கலர் முதலில், கனமானது கடைசியில். இடையில் ஒரு ராத்திரி. கிளிக்கும் மூக்கைத்தான் முதலில் அடித்தேன், உடம்பு மறுநாள்.

ஆனால் அந்த ராத்திரியில் வேறு வம்பு. ஐப்பசி மாதம், விடிய விடிய மழை. காலையில் பார்த்தால் தாள் ஈரம் குடித்து ஓரம் நெளிந்திருந்தது. தாள் ஈரத்தில் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே விரியும், ஏ3 அகலத்தில் அது கண்ணுக்குத் தெரிகிற அளவு. நடுவில் ஒட்டிய கலர் இரண்டு ஓரத்திலும் விலகியது. அன்றிலிருந்து முதல் கலர் முடிந்த கட்டைப் பாலித்தீனில் சுற்றி மேலே ஒரு பலகை வைக்கிறேன். கட்டு உயரமாக இருந்தால் பின்பக்கத்தில் மை ஒட்டும், அதனால் சின்னச் சின்னக் கட்டாக.

இத்தனையும் செய்த பிறகு என் மெஷின் தரும் சுத்தம் எவ்வளவு? அரை மில்லி, சில தாளில் ஒரு மில்லி. அதற்குக் கீழே நான் கொண்டுவந்ததில்லை. ஆகவே மீதியைப் படம் போடும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். கிளியின் உடம்பில் மூக்கு வரும் இடத்தை நான் அச்சு அசலாக வெட்டி வெள்ளையாக விட்டிருந்தேன், தப்பு அங்கேதான் ஆரம்பம். பிறகு பச்சையை மூக்கின் ஓரத்துக்குள் ஒரு மில்லி இழுத்துவிட்டேன். மை கண்ணாடி மாதிரி கொஞ்சம் ஊடுருவும், அதனால் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு விளிம்பு வந்தது. டீச்சர் அதைப் பார்த்து, "நெழல் விழற மாதிரி நல்லாருக்கே, அப்படியே விடுங்க" என்றார். எழுத்தை எப்போதும் ஒரே கலரில் வைக்கிறேன். இரண்டு கலரில் மெல்லிய கோட்டை ஒன்றன் மேல் ஒன்று பொருத்தும் வேலை வந்தால் சிவகாசிக்குப் போகச் சொல்லிவிடுகிறேன்.

தாளுக்கு 330 போட்டு 300 எடுத்தேன். அந்த வீண் தாளையும் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும், முதல் ஆர்டரில் சொல்லாமல் கையைக் கடித்தது. 50 பிரதிதான் வேண்டும் என்பவர்களுக்கு 12 மாஸ்டர் செலவு கட்டாது, கலர் ஜெராக்ஸே மலிவு. 200-லிருந்து ஆயிரம் வரை, பெரிய பெரிய நிறத் திட்டுகள், வாரம் பத்து நாள் பொறுக்கும் வாடிக்கையாளர் என்றால் இந்த மெஷினுக்கு என் ஓட்டு. மூன்று கலர் நான் இன்னும் தொடவில்லை.

கண்ணில் மூக்கு ஏறிய அந்தத் தாளை அப்பா காலண்டர் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். இரண்டு கலருக்கு ரேட் கேட்டு வருபவர்களிடம் புத்தகத்தோடு அதையும் காட்டிவிட்டுத்தான் அட்வான்ஸ் வாங்குகிறேன்.