டாவ்ப்ராஜெக்ட்: பாதிப் பாட்டைக் கைமாற்ற ஒரு நல்ல வழி

பாட்டு முடிவதற்கு முன்பே இன்னொருவர் கைக்குப் போகவேண்டிய வேலை என்னுடையது. பிட்விக் ஸ்டுடியோ என்ற இசைப்பதிவு மென்பொருளில் தாளமும் சிந்தசைசர் (சிந்த்) பகுதிகளும் போடுவது நான். குரல் பதிவைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் க்யூபேஸ் என்ற இன்னொரு மென்பொருள்காரர். ஒவ்வொரு ட்ராக்கையும் வேவ் ஃபைலாக எடுத்து அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். ஒலி பத்திரமாகப் போய்ச் சேரும், சரி. ஆனால் தாழ்ந்த சுருதியில் ஓடும் பேஸ் பகுதியில் ஒரே ஒரு நோட்டை மாற்றவேண்டும் என்றால்கூட நண்பர் என்னிடம்தான் திரும்ப வரவேண்டும். டாவ்ப்ராஜெக்ட் இந்தச் சிக்கலைத்தான் தீர்க்கப் பார்க்கிறது. பெரும்பாலும் தீர்த்தும் விடுகிறது.

இது பிட்விக், ப்ரீசோனஸ் என்ற இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஃபைல் வடிவம். ஒரு பாட்டின் முழு ப்ராஜெக்டையும் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். எம்ஐடி உரிமம் என்பதால் எந்த நிறுவனமும் காசு கொடுக்காமல் தன் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். ப்ரீசோனஸின் ஸ்டுடியோ ஒன்னில் 6.5 பதிப்பிலும், க்யூபேஸில் 14ஆம் பதிப்பிலும் வந்தது. உள்ளே மர்மம் எதுவும் இல்லை. ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் ஆடியோ ஃபைல்கள் ஒரு பக்கம், ப்ளகின் (மென்பொருளுக்குள் சேர்க்கும் தனிக் கருவி) அமைப்புகள் ஒரு பக்கம், எல்லாவற்றையும் கோத்து வைக்கும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல். அந்த எக்ஸ்எம்எல்லை நோட்பேடில் திறந்தாலே டெம்போவையும் ட்ராக் பெயர்களையும் கண்ணால் படிக்கலாம். எனக்கு இது மிகப் பெரிய விஷயம். இரண்டு மென்பொருள்களை ஓடும்போதே இணைத்த ரீவயர் 1998இல் வந்து, 2020 முடிவோடு கைவிடப்பட்டது. டாவ்ப்ராஜெக்ட்டை நாளைக்கு யார் கைவிட்டாலும், உள்ளே இருக்கும் ஆடியோவை எடுக்க ஒரு ஜிப் கருவி போதும்.

அப்புறம், வேண்டுமென்றே சிக்கலான ஒரு பாட்டை அனுப்பிப் பார்த்தேன். நடுவில் டெம்போ மாறுகிறது. தாளத்துக்கேற்ப இழுத்துச் சரிசெய்த ட்ரம் லூப் இருக்கிறது. விஎஸ்டி3 (பல மென்பொருள்களில் ஓடும் ப்ளகின் வகை) சிந்த் ஒன்றில், சரணத்துக்கு முந்தைய நான்கு பார்களில் (தாளச் சுற்றுகளில்) ஃபில்டர் மெதுவாகத் திறக்கும் ஆட்டோமேஷன், அதாவது தானாக நகரும்படி வரைந்த கோடு. பின்னணிக் குரல்கள் மூன்றும் ஒரே ரிவர்ப் சென்டுக்கு (எதிரொலி சேர்க்கும் பொதுத் தடத்துக்கு) போகின்றன. மறுமுனையில் திறந்தபோது டெம்போ மாற்றம் அதே பாரில் இருந்தது. ட்ராக் நிறங்கள்கூட வந்திருந்தன. சிந்த் நண்பரிடமும் இருந்ததால் அதே பேட்ச்சோடு (சத்த அமைப்போடு) எழுந்தது, ஃபில்டர் கோடு நான் வரைந்த வளைவிலேயே ஏறியது. நண்பர் பேஸ் நோட் ஒன்றைக் கீழே இறக்கிவிட்டு உடனே பாட ஆரம்பித்தார். இதற்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தோம்.

வராதது எது? பிட்விக்கின் சொந்தக் கருவிகளில் பெரும்பாலானவை. கிரிட் என்ற அதன் சத்தம் கட்டும் கருவியில் செய்ததோ, அமைப்புகளைத் தானாக அசைக்கும் மாடுலேட்டர்களோ இன்னொரு மென்பொருளில் ஓட வழியே இல்லை. நோட்டுகள் மட்டும் போய்ச் சேரும், சத்தம் போகாது. மற்ற மென்பொருள்களின் சொந்தக் கருவிகளுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். இது நியாயமான எல்லை என்றே நினைக்கிறேன். அந்த ட்ராக்குகளை மட்டும் பவுன்ஸ் செய்து (ஆடியோவாக மாற்றி), நோட்டுள்ள ட்ராக்கை மியூட்டில் பக்கத்திலேயே வைத்து அனுப்பினால் வேலை நடக்கும். மறுமுனையில் இல்லாத ப்ளகின்களுக்கும் இதையே செய்யுங்கள்.

நிஜமான குறை, இதைப் படிக்கத் தெரிந்த மென்பொருள்கள் இன்னும் குறைவு என்பதுதான். லாஜிக், ஏபிள்டன் லைவ் என்ற பிரபல மென்பொருள்கள் இரண்டும் நேரடியாகத் திறப்பதில்லை. ரீப்பர் என்ற மென்பொருளுக்கு ப்ராஜெக்ட்கன்வர்ட்டர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஏஏஎஃப் என்ற பழைய பரிமாற்ற வடிவம் வழியாக அனுப்பலாமே என்று சிலர் சொல்வார்கள். படத்துக்கு ஒலி சேர்ப்பவர்களுக்கு அது அருமையான வடிவம். கிளிப்புகளும் ஃபேட்களும் வரும். ஆனால் மிடி (நோட்டுகளின் பதிவு) வராது, ப்ளகின் வராது. பாட்டு கட்டுபவர்களுக்கு அது போதாது.

அதனால் மிக்ஸிங்குக்கு அனுப்பும்போது இன்றும் நான் நம்புவது வேவ் ஃபைல்களைத்தான். எல்லா ட்ராக்கும் முதல் பாரிலிருந்தே தொடங்கவேண்டும், முன்னால் வெறும் அமைதி இருந்தாலும் பரவாயில்லை. 32 பிட் ஃப்ளோட்டில் எடுத்தால் எங்கேயாவது 0 டெசிபலைத் தாண்டியிருந்தாலும் சத்தத்தைக் குறைத்து மீட்டுவிடலாம். சாம்பிள் ரேட்டை ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள்: 44.1 கிலோஹெர்ட்ஸில் எடுத்ததை 48இல் மாற்றாமல் ஓடவிட்டால் 4 நிமிடப் பாட்டு ஏறக்குறைய 20 நொடி சுருங்கும், சுருதி ஒன்றரை செமிடோன் அளவுக்கு ஏறிவிடும். எம்பி3 வேண்டவே வேண்டாம். தரம் குறைவது இருக்கட்டும், ஃபைலின் தொடக்கத்தில் சில மில்லிசெகண்ட் வெற்று ஒலி சேர்ந்து தாளமே தள்ளிப்போகும். ஏபிள்டன் லைவில் திறப்பவரிடம், நீளமான ஆடியோவைத் தானாக வார்ப் செய்யும் (தாளத்துக்கேற்ப இழுக்கும்) அமைப்பை முதலில் அணைக்கச் சொல்லுங்கள்.

பிட்விக், ஸ்டுடியோ ஒன், க்யூபேஸ் மூன்றில் ஏதாவது இரண்டு உங்கள் கூட்டணியில் இருந்தால் தயங்காமல் டாவ்ப்ராஜெக்டுக்கு மாறலாம். கூடவே பவுன்ஸ் செய்த ஒரு முழு மிக்ஸையும் வைத்து அனுப்புங்கள். திறந்ததும் இரண்டையும் ஒன்றாக ஓட்டிக் கேட்டாலே எந்த ட்ராக்கில் என்ன வரவில்லை என்று தெரிந்துவிடும்.