பாம்புப் படம் போட்ட பை: வாங்கி ஏமாந்த கதை

நான் வளர்க்கும் கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்புக்கு இரண்டு வயது. அதுவரை தொட்டிக்குள் செய்தித்தாள்தான் விரித்திருந்தேன். "பாம்புக்குப் பேப்பரா சார்? அது புதைஞ்சு ஒளிய வேண்டாமா?" என்று கடைக்காரர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை, கார்ன் ஸ்நேக் புதைந்து கிடக்கிற ஜாதிதான். அவர் எடுத்துக் கொடுத்த பைதான் வினை.

முன்பக்கம் பெரிய பாம்புப் படம், "ஊர்வனவற்றுக்கு உகந்தது" என்ற வாசகம். மரச்சீவல். பிரித்தால் கமகமவென்று வாசனை. "நாத்தமே தெரியாது சார், பூச்சியும் அண்டாது" என்றார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சிடார், அதாவது தேவதாரு வகைச் சீவல் கலந்தது என்று இருந்ததை நான் படித்தது பிற்பாடு.

இரண்டு வாரத்தில் பாம்பு இரையைத் தொடவில்லை. பிறகு வாயைத் திறந்து மூச்சு விட்டது, 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், மூக்கில் நுரை. மருத்துவர் பாம்பைத் தொடுவதற்கு முன் நான் கொண்டுபோன டப்பாவை முகர்ந்து பார்த்தார். அதிலும் அதே சீவலைத்தான் போட்டிருந்தேன். சிடாரில் இருக்கிற, பூச்சியை விரட்டுகிற வாசனை எண்ணெய்தான் மூச்சுக்குழாயையும் அரிக்கும், புண்பட்ட இடத்தில் கிருமி சுலபமாகப் புகும் என்றார். ஆவி தங்கிவிடுகிற மூடிய தொட்டி, அடியில் சூடேற்றும் ஹீட் பேட், நாள் முழுக்கத் தரையோடு தரையாகக் கிடக்கும் உயிர். போதாக்குறைக்குப் பெரும்பாலான பாம்புகளுக்கு ஒழுங்காக வேலை செய்வது வலப்பக்க நுரையீரல் ஒன்றுதான். வாரக்கணக்கில் ஊசி போட்டுப் பிழைத்தது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "பையைப் பிரிச்சாச்சே சார். எத்தனையோ பேர் வாங்கறாங்க, யாரும் குறை சொன்னதில்லை."

அப்போதே பக்கத்தில் ஒரு பையனிடம் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியின் தொட்டியில் விரிக்கக் கால்சியம் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தார். "முழுங்கினாலும் ஜீரணமாயிடும்" என்று வேறு. ஆகாது. இரையோடு உள்ளே போனால் குடலில் கட்டிக்கொள்ளும். அந்தப் பல்லி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துக் கெட்டியான, கல்லும் மண்ணுமான தரையில் வாழ்வது. உதிரி மணல்மேட்டுப் பிராணி அல்ல. பையனிடம் சொன்னேன், கடைக்காரர் முறைத்தார்.

உலர்ந்த இடம் கேட்கும் கார்ன் ஸ்நேக்குக்கு, சிடார் போல வாசனை எண்ணெய் இல்லாத ஆஸ்பென் மரச்சீவல் நல்லது. அதையே ஈரப்பதம் வேண்டுகிற பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்புக்குப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். அதற்குத் தேங்காய் நார்த்தூள். புதிதாக வந்ததற்கும் நோயாளிக்கும் வெறும் டிஷ்யூ பேப்பரே மேல். உண்ணி ஊர்ந்தாலும் கழிச்சல் இருந்தாலும் உடனே கண்ணில் படும். நான் கேலிக்குப் பயந்து எடுத்துப்போட்ட செய்தித்தாளும் இதே காரணத்துக்காக உருப்படியானதுதான்.

என் பாம்பு இப்போது ஆஸ்பென் சீவலுக்குள் மூக்கு மட்டும் வெளியே தெரியக் கிடக்கிறது. அந்தப் பை அதே அலமாரியில், பாம்புப் படத்தோடு, போன வாரமும் இருந்தது.