ஒற்றை வால்யூமா, கெயினும் மாஸ்டருமா: திருவிழா மேடைக்கு எந்த ஆம்ப்?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், வாங்கப் போனால் முதலில் விசாரிப்பது வாட் கணக்கைத்தான். அதற்கும் முன்னால், முகப்பில் வால்யூம் குமிழ் ஒன்றுதானா, அல்லது கெயின், மாஸ்டர் என்று இரண்டா என்பதைப் பார்த்தாக வேண்டும்.

1963இல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த ட்வின் ரிவெர்ப் முதல் வகை. அதில் ஒவ்வொரு சேனலுக்கும் வால்யூம் ஒன்றே. அதைக் கூட்டினால் ஓசை பெருகும். ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகள் தம் எல்லையைத் தொட்ட பிறகே நாதம் கரகரக்கும். 85 வாட் ஆம்ப் அந்த எல்லையைத் தொடுவதற்குள் தெருவே எழுந்துவிடும். 1975இல் மார்ஷல் கொண்டுவந்த 2203 இதைப் பிரித்துக் கொடுத்தது: கரகரப்பு எவ்வளவு என்பதை, ஒலி முதலில் பெருகும் முன்நிலையில் கெயின் முடிவு செய்கிறது, அதில் எவ்வளவு ஸ்பீக்கரை இயக்கும் பவர் நிலைக்குப் போக வேண்டும் என்பதை மாஸ்டர் முடிவு செய்கிறது. இதனால் அடங்கிய ஓசையிலும் ராக் வாசிக்கலாம். ஆனால் பவர் வால்வும் ஸ்பீக்கரும் உழைக்காததால் அந்த நாதத்தில் சதைப்பற்று குறையும்.

டோன் குமிழ்களில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பேஸ் (கீழ் அலைகள்), மிடில் (நடு அலைகள்), டிரெபிள் (உச்ச அலைகள்) மூன்றையும் நடுவில் வைத்துவிட்டால் ஒலி சமமாக இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. ஃபெண்டர் சுற்றமைப்பில் அப்போதும் நடு அலைகள் மற்றவற்றைவிடக் குறைந்து, நன்றாகக் குழிந்தே இருக்கும்; மற்ற இரண்டையும் முழுக்கக் குறைத்து, மிடிலை முழுக்க ஏற்றினால்தான் ஏறக்குறைய சமநிலை வரும். மார்ஷலில் அந்தக் குழிவு குறைவு. வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிடிலைக் குறைத்த ஒலி செழிப்பாகத் தோன்றும். மாரியம்மன் கோயில் திருவிழா மேடையில் கீபோர்டும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்துகொண்டால் அதே கிட்டார் காணாமல் போய்விடும், ஏனென்றால் கிட்டாரின் குரல் வாழ்வது அந்த நடு அலைகளில்தான்.

ட்வினில் இருக்கும் பிரைட் சுவிட்சையும் கவனிக்க வேண்டும். வால்யூம் குமிழைத் தாண்டி உச்ச அலைகளை மட்டும் கடத்திவிடும் சிறு கெப்பாசிட்டர் அது. வால்யூம் 2, 3இல் இருக்கும்போது ஒலி பளிச்சென்று மாறும். 10இல் அந்தச் சுவிட்சைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

திரைப்பாடல்களுக்குத் தெளிவான நாதமே பெரும்பாலும் தேவைப்படுவதால், திருவிழா மேடைக்கு நான் ஒற்றை வால்யூம் ஆம்பையே சொல்வேன். கரகரப்பு வேண்டிய ஓரிரு பாடல்களுக்கு ஒரு டிஸ்டார்ஷன் பெடல் போதும். வால்வு ஆம்பின் விலையும் பராமரிப்பும் கட்டுப்படியாகாது என்றால், 1975இல் வெளிவந்த ரோலண்ட் ஜேசி-120 போன்ற டிரான்சிஸ்டர் ஆம்ப் இதே தெளிவைத் தரும். சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரகாரத்து வீடுகளில் இரவில் பயிற்சி செய்பவர்களுக்கு மட்டும் கெயின், மாஸ்டர் உள்ளதே உகந்தது. அவர்கள் அதையே மேடைக்குக் கொண்டுபோனால் வீட்டில் வைத்த அளவுகளை அப்படியே விடாமல், மாஸ்டரை ஏற்றி, கெயினை இறக்கி, மிடிலைக் கூட்டிவிட்டு, அதன் பிறகே மைக் செட்காரரிடம் ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைக்கச் சொல்ல வேண்டும்.