உடன்கட்டையை எதிர்த்த இரண்டு வழிகள்: சாஸ்திரமா, சட்டமா?

கணவனோடு எரிபவள், உடலில் எத்தனை மயிரோ அத்தனை ஆண்டு, அதாவது மூன்றரைக் கோடி ஆண்டு, சொர்க்கத்தில் வாழ்வாள் என்கிறது பழைய தர்மசாஸ்திர நூலான பராசர ஸ்மிருதி. வங்காளத்தில் விதவைகளைச் சிதையேற்றியவர்கள் இப்படிப்பட்ட சுலோகங்களைத்தான் காட்டினார்கள்.

வங்காளச் சீர்திருத்தவாதி ராம்மோகன் ராய் 1818 முதல் அதே ஆயுதத்தை எடுத்து மோதினார். மனு விதவையை எரியச் சொல்லவில்லை, சாகும்வரை நோன்பிருந்து வாழத்தான் சொல்கிறார் என்று எழுதினார். பக்திமான்களும் காதுகொடுக்கக்கூடிய வாதம். சிக்கலும் அதில்தான்: தீயிலிருந்து தப்பியவளுக்குக் கிடைப்பது ஒருவேளைச் சோறும் வீட்டு மூலையும். அது மட்டும் கொடுமை இல்லையா?

ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு 1829 டிசம்பர் 4-ல் சட்டம் போட்டார். சாஸ்திரம் என்ன சொன்னாலும் சரி, எரிக்க உதவினால் குற்றம். வேடிக்கை என்னவென்றால், நேரடித் தடை வேண்டாம், போலீஸ் கெடுபிடியால் மெல்லக் குறைக்கலாம் என்றுதான் ராயே அவரிடம் சொல்லியிருந்தார். தடையை எதிர்த்த மேல்முறையீடு 1832-ல் லண்டனில் தள்ளுபடியானது.

உயிர் போகும் அவசரத்தில் என் ஓட்டு சட்டத்துக்கே. ஆனால் அது சுலோகத்தைத் தொடவில்லை. 1987-ல் ராஜஸ்தானின் தேவ்ராலாவில் 18 வயது ரூப் கன்வர் எரிந்த இடத்தை வணங்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.